320 ஆம்ப்ஸ் என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிமோட் படகு செய்கிறவர்கள் எழுதியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (சேலம்): பிரஷ்லெஸ் மோட்டார் மலிவாகக் கிடைத்ததால் வாங்கிவிட்டேன். அதில் மூன்று ஒயர் இருக்கிறது. என்னிடம் உள்ள ஸ்பீட் கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்கு இரண்டு ஒயர்தான் வருகிறது. எந்த இரண்டில் இணைப்பது?

பதில்: எந்த இரண்டில் இணைத்தாலும் ஓடாது. உங்களிடம் இருப்பது பிரஷ் மோட்டாருக்கானது. பிரஷ்லெஸ் கன்ட்ரோலர் தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி (மதுரை): 7.4 வோல்ட், 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்று வைத்திருக்கிறேன். அதேபோல இன்னொன்று வாங்கிச் சேர்த்தால் படகு அதிக நேரம் ஓடுமா?

பதில்: இணைக்கிற விதத்தைப் பொறுத்தது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் அப்படியே இருக்கும், கொள்ளளவு 4400 ஆகும், ஓடும் நேரம் கூடும். ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கொடுத்தால் 14.8 வோல்ட். முழு சார்ஜில் அது 16.8. உங்கள் கன்ட்ரோலரில் '2-3 எஸ்' என்று, அதாவது இரண்டு அல்லது மூன்று செல் என்று, இருந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது, போட்ட நொடியே போய்விடக்கூடும்.

நேரம்தான் வேண்டும் என்றால் முதல் முறை. ஆனால் இணைக்கும் முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால், நிறைந்தது காலியானதற்குள் கரண்டை ஒரேயடியாகக் கொட்டும். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கவும் வேண்டாம். இரண்டும் புதிதாக, ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்குங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): இணையத்தில் '320 ஆம்ப்ஸ்' என்று போட்ட கன்ட்ரோலரை 450 ரூபாய்க்கு வாங்கினேன். 550 அளவு மோட்டார், 7.2 வோல்ட் பேட்டரி. குளத்தில் விட்ட மூன்றாவது நிமிடம் புகை வந்தது. தண்ணீர் பட்டதால் ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்றவர். தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. என் தவறா?

பதில்: உங்கள் தவறு இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதே சாமான் என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஏரி நடுவில் என் படகு நின்றுபோய், பரிசல்காரர் ஒருவரைக் கெஞ்சி எடுத்து வந்தேன். கன்ட்ரோலர் கருகி, அதிலிருந்து பேட்டரிக்குப் போன ஒயரும் உருகியிருந்தது. அன்றிலிருந்து இந்த 320 என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கார் ஸ்டார்ட் ஆகும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 150, 200 ஆம்ப்ஸ் இழுக்கும். அதுவும் சில நொடிகள்தான். அதற்கே சுண்டுவிரல் தடிமனில் கேபிள் போட்டிருப்பார்கள். உங்கள் கன்ட்ரோலரில் வருகிற ஒயரைப் பாருங்கள், இயர்போன் ஒயரைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் 320 ஆம்ப்ஸ் எப்படிப் போகும்? கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் 25 டிகிரி குளிர்ச்சியில் எவ்வளவு தாங்கும் என்ற காகிதக் கணக்கைக் கூட்டினால் இப்படி ஒரு எண் வரும். மூடிய படகுக்குள், வெயிலில், அந்தக் கணக்கு செல்லாது.

550 மோட்டார் நல்ல சுமையில் 15, 20 ஆம்ப்ஸ் கேட்கும். புரொப்பெல்லரில் பாசி சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் 50 ஆம்ப்ஸைத் தாண்டக்கூடும். கன்ட்ரோலர் வாங்கும்போது 'தொடர்ந்து எத்தனை ஆம்ப்ஸ்' என்று கேளுங்கள். பர்ஸ்ட், அதாவது சில நொடிகள் மட்டும் தாங்கும் கணக்கைச் சொல்லி மழுப்பினால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கார் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நான் அன்று போடாமல் விட்டது இதைத்தான்.

சரி, பணம். விற்பனைப் பக்கத்தில் 320 என்று இருப்பதை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அது மாறிவிடலாம். பில், பெட்டி, கருகிய கன்ட்ரோலர், அந்த ஒயர், எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 450 ரூபாய்க்கு இவ்வளவா என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (தாம்பரம்): முழு சார்ஜ் செய்து ஆறு மாதம் அலமாரியில் வைத்த லிப்போ உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு ஓட்டலாமா? அல்லது வாரண்டி கேட்கலாமா?

பதில்: குத்தாதீர்கள். தீப்பிடிக்கும். வாரண்டியும் கேட்காதீர்கள், கடைக்காரர் என்ன தவறு செய்தார்? ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும் என்று சார்ஜரோடு வந்த தாளிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். வாங்கும்போது ஐந்து நிமிடம் அதைப் படித்திருக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்றைக்கே அதை அலமாரியிலிருந்து எடுத்து, வெளியே ஒரு இரும்புப் பெட்டியில் மணல் போட்டு வையுங்கள். அப்புறம் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்.

கேள்வி (திருச்சி): 35 மில்லிமீட்டர் புரொப்பெல்லரை எடுத்துவிட்டு 45 போட்டேன். மோட்டார் தொட முடியாமல் சுடுகிறது. மோட்டார் போலியா?

பதில்: மோட்டார் நல்ல மோட்டார்தான். அதே வேகத்தில் சுற்ற, 45 கேட்கிற சக்தி 35 கேட்பதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. பழையதையே மாட்டுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): இரண்டு மோட்டார், இரண்டு கன்ட்ரோலர். இரண்டையும் ரிசீவரில் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) செருகியதிலிருந்து ரிசீவர் விட்டு விட்டு வேலை செய்கிறது, சுக்கான் சர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்) தானாகத் துடிக்கிறது. கடைக்காரர் ரிசீவரை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்றாதீர்கள். இரண்டு கன்ட்ரோலரும் ரிசீவருக்கு ஆளுக்கொரு 5 வோல்ட் கொடுக்கின்றன, அவை ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒரு கன்ட்ரோலரின் மூன்று ஒயர் பிளக்கில் நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் மெல்லக் கழற்றி, முனையில் டேப் சுற்றி மடித்துவிடுங்கள். அதன்பிறகும் துடித்தால், மோட்டார்கள் பிரஷ் வகையாக இருக்கும்பட்சத்தில், அவற்றின் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.