சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? எந்த வழியாகப் போகும்?

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி (ஜேஎஃப்கே) விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கி.மீ. உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளக்கும் மிகக் குறுகிய தூரம் இது. அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். தட்டையான வரைபடத்தில் இது தெரியாது. விமானம் எப்போதும் அதே கோட்டில் பறப்பதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்றால், பசிபிக் மேலாகப் பல நூறு கி.மீ. சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் இருக்கிறதே?

டிக்கெட்டில் உள்ளது கேட்டிலிருந்து கேட் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது, தரையிறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். அதனால் சில நாள் முன்னதாகவே வந்துவிடும். அதை நம்பி அடுத்த விமானத்தை நெருக்கமாகப் போடாதீர்கள்.

இரவு 12.30க்குக் கிளம்பினால் அங்கே எப்போது இறங்குவோம்?

பயண நேரத்தைக் கூட்டி, பிறகு நேர வித்தியாசத்தைக் கழியுங்கள். 18 மணி 40 நிமிடம் என்றால் சிங்கப்பூர்க் கணக்கில் மாலை 7.10. குளிர்காலத்தில் 13 மணி நேரம் கழித்தால், அதே தேதி காலை 6.10.

திரும்பும்போதுதான் பலர் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள். இப்போது நேர வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். குளிர்காலத்தில் திங்கள் இரவு 10.30க்குக் கிளம்பி அதே அளவு நேரம் பறந்தால், இறங்குவது புதன் காலை 6.10. ஹோட்டலோ அலுவலகச் சந்திப்போ செவ்வாய்க்குப் போட்டுவிடாதீர்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணி நேரம்தான். அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும், சிங்கப்பூர் மாற்றாது.

நான்ஸ்டாப் விமானத்தில் எகானமி இல்லையே, ஏன்?

எடைதான் காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்குப் பயன்படுத்தும் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூர ரக விமானம்) 1,65,000 லிட்டர் எரிபொருள் வரை சுமக்கும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை அதுவரை தூக்கிப் போகவே தனியாக எரிபொருள் செலவாகும். அதனால் 161 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94.

டைரக்ட் ஃபிளைட்டும் நான்ஸ்டாப்பும் ஒன்றுதானா?

இல்லை. டைரக்ட் என்றால் ஃபிளைட் நம்பர் மாறாது, அவ்வளவுதான், நடுவே இறங்கலாம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும் விமானம் அப்படித்தான். எகானமி வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

நியூயார்க்கிலிருந்து வேறு ஊருக்குப் போக எவ்வளவு இடைவெளி விடலாம்?

குறைந்தது மூன்று மணி நேரம். குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அடுத்த விமானம் நியூயார்க் அருகே உள்ள இன்னொரு விமான நிலையமான நெவார்க்கிலிருந்து (ஈடபிள்யூஆர்) என்றால் இது போதாது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நகரமே கிடக்கிறது. நெரிசல் வேளையில் சாலையிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். டிக்கெட்டில் ஜேஎஃப்கேயா, ஈடபிள்யூஆரா என்று பார்த்தே பணம் கட்டுங்கள்.