பைனான்ஸ் வர்த்தகப் பதிவுகளை ஏஐயிடம் குடுத்துக் கேட்கலாமா?

வெள்ளவத்தையில் இருந்து கேட்டிருக்கிறீங்கள்: பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தை தரும் சிஎஸ்வி கோப்பை (வர்த்தகங்களை வரிவரியாக எழுதிய அட்டவணை) ஏஐயிடம் குடுத்து, “நேற்று வாங்கும் வேகம் கூடவா, விற்கும் வேகம் கூடவா?” என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கோப்பை அப்படியே ஒட்டாதேங்கோ. லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டாமல் ஊகித்துச் சொல்லிவிடும். தரவைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) கட்டளை எழுதித் தரச் சொல்லி, அதை டக்டிபி (DuckDB) என்ற தரவுத்தள மென்பொருளில் நீங்களே ஓட்டுங்கோ.

ஸ்பொட் (உடனடி வாங்கல்-விற்றல்) பதிவில் கடைசிக்கு முந்தைய நிரலை நல்லாப் பாருங்கோ. அங்கே ‘ட்ரூ’ (True, ஆம்) என்றிருந்தால், வாங்குபவரின் ஓடர் ஏற்கெனவே காத்திருந்தது. அந்த ஓடருக்கு வந்து உடனே விற்றவர்தான் வேகம் காட்டியவர், அதனால் அது விற்கும் பக்கக் கணக்கு. ஏஐ இதைத் தலைகீழாக எடுத்தால் உங்கள் முடிவே கவிழும், காசு விஷயம்.

கோப்பில் நேரம் யூடிசி (UTC, உலகப் பொது நேரம்). ஸ்பொட் பதிவில் 2025 ஜனவரி 1 முதல் நேரம் மில்லிசெக்கனில் (செக்கனில் ஆயிரத்தில் ஒன்று) இல்லை, மைக்ரோசெக்கனில் (பத்து லட்சத்தில் ஒன்று). கொழும்பில் நள்ளிரவு என்றால் யூடிசியில் முந்தைய நாள் 18:30. அதனால் எங்கட ஒரு நாளுக்கு இரண்டு நாள் கோப்பு வேணும்.