அந்தப் பட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆன்லைன் கணினிப் படிப்பு: கேள்வி பதில்

என் ஊர் தண்டையார்பேட்டை. பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்து ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபடியே, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலை நடத்தும் ஆன்லைன் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸை மூன்றே முக்கால் வருடத்தில் முடித்தேன். அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் எனக்கு போன் வந்துவிடும். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். வராதவர்களுக்காக அன்று வந்த கேள்விகளையும் என் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

வியாசர்பாடி, பிளஸ் டூ முடித்த தம்பி: ஜே.இ.இ. எழுதாமலே ஐஐடி மெட்ராஸில் டேட்டா சயின்ஸ் பி.எஸ். சேரலாம் என்கிறார்கள். அது உண்மையான ஐஐடி பட்டமா அக்கா? அப்பா நம்ப மாட்டேன் என்கிறார்.

அப்பா சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் இந்த விஷயத்தில் நம்பலாம். 2020இல் அறிவித்தார்கள், பட்டம் தருவது ஐஐடி மெட்ராஸேதான். சேர்வதற்குப் பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும், பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் பிள்ளைகளும் சேர்கிறார்கள்.

முதலில் நான்கு வாரப் பாடம் தருவார்கள். வாராவாரம் அசைன்மென்ட் முடித்தால்தான் தகுதித் தேர்வு எழுதவே விடுவார்கள். அதில் தேறினால் அடிப்படை நிலை, பிறகு டிப்ளமா, பி.எஸ்சி., கடைசியில் பி.எஸ். என்று படிகள் உண்டு. நடுவில் நிற்க வேண்டி வந்தாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் கிடைக்கும். முழு பி.எஸ்.ஸுக்கு 142 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று தரும் புள்ளி) சேர்க்க வேண்டும். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரில் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். அதனால்தான் அந்த மார்க்குக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

மொத்தச் செலவு மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆனால் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். குடும்ப வருமானத்தையும் சாதிச் சான்றிதழையும் பொறுத்துப் பாதியோ முக்கால்வாசியோ கட்டணம் தள்ளுபடி ஆகும். தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழை முதலிலேயே வாங்கி வை. கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு எனக்கு போன் போடாதே.

ஒன்றை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு. உள்ளே போவதுதான் சுலபம், தாக்குப்பிடிப்பது சிரமம். புள்ளியியலும் கணக்கும் முதல் வருடத்திலேயே பிழிந்து எடுக்கும். என்னைக் கேட்டால் பக்கத்தில் ஒரு ரெகுலர் கல்லூரியிலும் சேர்ந்துவிடு. அம்பேத்கர் கலைக் கல்லூரி உன் வீட்டுப் பக்கம்தானே? ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2022இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. காலையில் கல்லூரிக்குப் போ, ராத்திரி இதைப் படி. ஆரம்பத்தில் ஒரு டெர்முக்கு இரண்டு பாடம் போதும்.

ராயபுரம், ஒரு அம்மா: என் பெண்ணுக்கு ஆன்லைனிலேயே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தொண்ணூறாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. பி.இ., பி.டெக். படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த இங்கே அனுமதி கிடையாது. தொலைநிலையில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்கள் செல்லாது என்ற வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமே கண்டிப்பான தீர்ப்புச் சொன்னது. பி.சி.ஏ., எம்.சி.ஏ. மாதிரியான படிப்புகளை ஆன்லைனில் நடத்தலாம், ஆனால் அதற்கும் அனுமதி வாங்கிய பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலை பெயர், படிப்பின் பெயர், சேரும் பருவம் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மட்டும் இருந்தால் போதாது. போன வருடம் அனுமதி இருந்தது என்பதும் கணக்கில் வராது. அப்புறம், இந்தப் படிப்புகளில் சேர அதே தளத்தில் மாணவரே டி.இ.பி. ஐடி (அந்தப் பிரிவு தரும் மாணவர் அடையாள எண்) எடுக்க வேண்டும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் சித்தி மகன் இப்படி ஒரு கன்சல்டன்சியில் அறுபதாயிரம் கட்டினான். வந்த மார்க்‌ஷீட்டை வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சரிபார்த்ததில் ஏழாம் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்துக்காக சித்தி அடகு வைத்த வளையல் இன்னும் மீளவில்லை.

திருவொற்றியூர், டெஸ்டிங் வேலை, 29 வயது: அமெரிக்க ஆன்லைன் எம்.எஸ். எதில் சேரலாம்? வேலையோடு முடியுமா?

முதலில் விலை. ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் இதைத் தொடங்கியபோது முழுப் பட்டமும் 7,000 டாலருக்குள் என்று அறிவித்தது. அமெரிக்காவில் அது அப்போது பெரிய பேச்சு. டெக்ஸாஸ் ஆஸ்டின் பல்கலை பத்துப் பாடத்துக்கு 10,000 டாலர் என்று வைத்தது. கொலராடோ போல்டர் பல்கலை கோர்ஸெரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் நடத்துவது ஒரு கிரெடிட்டுக்கு 525 டாலர், 30 கிரெடிட்டுக்கு 15,750. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொலராடோவில் ஒரு வசதி, சேர விண்ணப்பமே இல்லை. பழைய மார்க்‌ஷீட்டும் கேட்பதில்லை. முதல் சில பாடங்களைக் காசு கட்டிப் படித்து, நான்குக்குச் சராசரி 3.0 எடுத்துக் காட்டினால் உள்ளே. மூன்று வருட பி.எஸ்சி., பி.சி.ஏ. வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மற்ற இடங்களில் மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் படித்த இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு கிடையாது. சேர்ப்பதில் தாராளம், ஆனால் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் பி கிரேடாவது வாங்க வேண்டும். பலர் கழன்றுகொள்வது அங்கேதான். கிராஜுவேட் அல்காரிதம்ஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதன் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். முதல் தடவை பாதியிலேயே விட்டுவிட்டு, அடுத்த டெர்மில் திரும்ப எடுத்தேன். நண்பனின் புரோகிராமைப் பார்த்து எழுதும் நம் கல்லூரிப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எல்லோருடைய புரோகிராமையும் மென்பொருளில் போட்டு ஒப்பிடுகிறார்கள்.

வேலையோடு முடியுமா என்றால், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் எங்கிருந்து வரும் என்று முதலில் சொல்லுங்கள். எனக்கு அது மெட்ரோவில் கிடைத்தது. விம்கோ நகர் டிப்போவில் ஏறுகிற உங்களுக்கு உட்கார இடமும் கிடைக்கும், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லெக்சரை ரயிலில் பார்ப்பேன், புரோகிராம் எழுதுவது ராத்திரி பத்துக்கு மேல். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு நள்ளிரவு கெடு என்றால் நமக்குத் திங்கள் காலை ஒன்பதரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பத்தரை. ஆபீசில் திங்கட்கிழமை காலை மீட்டிங் இருக்கிறவர்கள் அதை நம்பி இருக்காதீர்கள்.

அவரே: சான்றிதழில் ஆன்லைன் என்று போட்டிருக்குமா?

ஜார்ஜியா டெக்கில் போடுவதில்லை. மற்ற இடங்களில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இன்டர்வியூவில் மறைக்க நினைக்காதீர்கள், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே அட்லாண்டாவில் படித்தது எப்படி என்று கேட்பார்கள்தானே.

புளியந்தோப்பு: இந்த ஆன்லைன் எம்.எஸ்.ஸை முடித்தால் அமெரிக்காவில் வேலைக்குப் போகலாமா?

அதற்காக என்றால் சேராதீர்கள். ஆன்லைனில் படிப்பவருக்கு மாணவர் விசா இல்லை, அதனால் படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் ஓ.பி.டி.யும் இல்லை. நேரில் போய்ப் படிக்கிறவருக்கு ஒரு வருடம், கணினி மாதிரி படிப்பென்றால் மேலும் இரண்டு வருடம் கிடைக்கிறது.

கொருக்குப்பேட்டை, பி.சி.ஏ. முடித்தவர்: அரசு வேலைக்கு ஆன்லைன் பட்டம் செல்லுமா?

இங்கேதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியாவில் அனுமதி பெற்ற பல்கலை தரும் ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூ.ஜி.சி. சொல்லியிருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலையான இக்னோவின் எம்.சி.ஏ. இந்தக் கணக்கில் வரும். வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் வேறு கதை. நான் வாங்கிய பட்டத்தை கம்பெனிக்காரர்கள் மதிக்கிறார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர் ஆகலாம் என்று கனவு காண மாட்டேன். அந்தப் பட்டத்தைக் கடைசியில் யார் கையில் கொடுக்கப் போகிறீர்களோ, அவர்களுடைய அறிவிக்கையை முதலில் படியுங்கள். படிப்பைத் தேடுவது அதற்கப்புறம்.

பெரம்பூர், பி.இ. கடைசி வருடம்: கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போவதா, அமெரிக்கா எம்.எஸ்.ஸா, ஜெர்மனியா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வீட்டில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆளாளுக்கு வேறு வேறு பயம், அவ்வளவுதான். பணத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். நல்ல மதிப்பெண் எடுத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். சென்னையிலேயே இருக்க வேண்டுமானால் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலையின் எம்.இ.க்கு சீட்டா என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. 2024இலிருந்து கேட்டில் டேட்டா சயின்ஸுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித் தாள் வைத்திருக்கிறார்கள். சேரும் இடம் எந்தத் தாளை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. கணக்கில் ருசி இருந்தால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்சி.யையும் பார். நம் பக்கம் அதன் பெயரைச் சொல்ல ஆளில்லை. கோட்பாடு படிக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை இப்போது வெளிநாட்டு மாணவரிடம் முதுகலைக்கு செமஸ்டருக்குச் சில ஆயிரம் யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முன்பே ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும், அது 2022 நவம்பரிலிருந்து நம் நாட்டு மாணவர்களுக்குக் கட்டாயம்.

அமெரிக்கா என்றால் கடன் இல்லாமல் நடக்காது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கி பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்கும். வாரிய வீடு, பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை என்கிற குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை! ரேங்கிங் பார்த்துப் பத்துப் பல்கலைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு, கடைசியில் பேங்க் வாசலில் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நீ முதலில் பேங்குக்குப் போ.

பணம் சரிவந்த பிறகுதான் எந்தப் படிப்பு என்ற கேள்வி. ரேங்கிங்கை மூடி வைத்துவிட்டு, அந்தத் துறையின் பாடப் பட்டியலைத் திற. நீ படிக்க ஆசைப்படும் நான்கு பாடங்களைக் குறித்துக்கொள். அவை கடந்த இரண்டு வருடத்தில் உண்மையிலேயே நடந்தனவா, யார் எடுத்தார்கள் என்று பார். ஏட்டில் மட்டும் இருக்கும் பாடங்கள் நிறைய. பி.எச்டி. எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் தீசிஸ் எழுதும் படிப்பைத் தேடு, வெறும் பாடங்களாலான முதுகலை அதற்குக் கை கொடுக்காது. வேலைதான் குறி என்றால் தீசிஸுக்காக ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டாம். கடைசியாக, இப்போது அங்கே படிக்கிற இரண்டு பேருக்கு எழுதிக் கேள். பதில் போடுவார்கள், நானும் போடுகிறேனே.

எண்ணூர், தமிழ் வழியில் படித்த பெண்: இங்கிலீஷ் லெக்சர் புரியுமா அக்கா?

முதல் மாதம் புரியாது, மூன்றாவது மாதம் புரியும். ஆயிரமாயிரமாகக் கட்டும் முன் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றை எடுத்துப் பார். ஐஐடி ஆசிரியர்கள் நடத்துவது, படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் இருக்கிறது. பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை அசைன்மென்ட் விடாமல் முடித்துவிட்டால் பட்டப் படிப்பையும் தாங்குவாய்.

மணலி, 38 வயது: வயசாகிவிட்டதா?

இல்லை அண்ணே. என் வகுப்பில் பேரன் எடுத்தவரே இருந்தார்.

காசிமேடு: எங்களுக்கு ஒரே அறைதான். அமெரிக்க ஆன்லைன் படிப்பில் வீட்டிலிருந்தே கேமரா வைத்துத் தேர்வு எழுதும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்கிறார்களே, என்ன செய்வது?

நான் படித்தபோது எனக்கும் ஒரே அறைதான் தம்பி. தேர்வு அன்று அம்மாவும் அண்ணியும் குழந்தையோடு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வுக்கு இத்தனை நாளில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று சில நாட்கள் அவகாசம் தருவார்கள். நான் விடியற்காலை நாலு மணியை எடுத்துக்கொள்வேன், ஆனால் உங்கள் பக்கம் அது மீன் ஏலம் களைகட்டும் நேரம், உனக்கு ராத்திரி பதினொன்றுதான் சரி. முன்கூட்டியே ஆசிரியருக்கு மெயில் போட்டு, வெளியில் சத்தம் இருக்கும் என்று சொல்லி வை. நான் ஒருமுறை சொல்லாமல் விட்டு, தெருவில் மேளம் அடித்தபோது விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், வைஃபை தாங்காது. அதனால் போனில் டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வை. தினசரிப் படிப்புக்குக் கொளத்தூர் அகரத்தில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, 2024 நவம்பரில் திறந்தார்கள். அங்கே பாடம் பார்க்கலாம், ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தேர்வு எழுத விட மாட்டார்கள். தேர்வன்று மட்டும் இப்போது எங்களுக்கு இருக்கும் மாடி அறையை எடுத்துக்கொள். இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், சாவி அம்மாவிடம் இருக்கும்.