தீபாவளிக் கூட்டத்தில் காணாமல் போகும் புடவைக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

கேள்வி: பண்டிகை நேரத்தில் துணிக்கடைகளில் திருட்டு எப்படி நடக்கிறது? இத்தனை கேமரா வைத்தும் ஏன் தடுக்க முடியவில்லை? எப்படியும் நஷ்டம் முதலாளிக்குத்தானே?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஒரு பெரிய துணிக்கடையில் 2011இலிருந்து ஐந்து தீபாவளிக்குப் புடவை கவுண்டரில் நின்றவள் நான். எங்கள் கடையில் நஷ்டம் முதலாளிக்கு இல்லை. எந்தக் கவுண்டரில் குறைகிறதோ, அந்தக் கவுண்டரில் நின்ற பெண்ணுக்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் ஊர் சீசனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே தீபாவளி ஒருநாள் பண்டிகை இல்லை. நிறைய வீடுகளில் அதை ஒட்டி அமாவாசைக்குக் கேதார கௌரி நோம்பு உண்டு. அதிரசம் சுட்டு, கயிறு கட்டி, புதுப் புடவை கட்டிக்கொண்டுதான் கும்பிடுவார்கள். அதனால் தீபாவளிக்கு ஒன்று, நோம்புக்கு ஒன்று என்று கேட்டு வருவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தோல் கம்பெனி, ஷூ கம்பெனிகளில் போனஸ் கைக்கு வந்ததும், பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லாங்கு பஜார், மெயின் பஜார் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. போதாக்குறைக்கு ஐப்பசி மழை. எல்லார் கையிலும் குடை, பெரிய கட்டைப்பை, இடுப்பில் ஒரு குழந்தை.

அந்தக் கூட்டத்தில் ஒரு புடவை கவுண்டர் எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் திருட்டு புரியும். ஒரு அம்மா உட்கார்ந்ததும், "இன்னா கண்ணு, அந்த மேல் தட்டுல இருக்கறத எடு" என்பார். எடுத்துப் பிரித்துப் போடுவோம். "இதே டிசைன்ல அரக்கு இருக்கா?" அதையும் பிரிப்போம். பத்து நிமிஷத்தில் அவருக்கு முன்னால் இருபது புடவை கிடக்கும். பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பம், அவர்களுக்கு முன்னால் அவ்வளவு. எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிடும். அதில் எத்தனை புடவை என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது. திருட வருகிறவர்களுக்கு அந்தக் குவியல்தான் வேண்டும். ரேக்கில் அடுக்கி வைத்த புடவையை யாரும் தொடுவதில்லை, ஒன்று போனால் அந்த இடம் பல் விழுந்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று பேராக வருவார்கள். ஒருத்தர் எட்டாத தட்டில் இருப்பதைக் கேட்பார். நாம் முதுகைத் திருப்பி ஸ்டூல் மேல் ஏறுவோம். இரண்டாவது ஆள் ஒரு புடவையின் முந்தானையை விரித்து, பார்டர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுபோல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிப்பார். அந்தத் திரைக்குப் பின்னால் மூன்றாவது ஆளின் பைக்குள் ஒன்று இறங்கிவிடும். நாம் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் முடிந்துபோகும். ரெடிமேட் பக்கம் வேறு மாதிரி: ட்ரையல் ரூமுக்குள் மூன்று சுடிதார் போகும், இரண்டு திரும்பி வரும், இன்னொன்று உடம்பிலேயே கிளம்பிவிடும். விலைச் சீட்டை மாற்றி ஒட்டுகிறவர்களும் உண்டு. கடைக்கு உள்ளேயே பில் போடாமல் பொருளை வெளியே அனுப்புகிற ஆட்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் பார்த்தவரை பண்டிகை நாளில் அதிகம் போனது அந்தக் குவியலிலிருந்துதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது என்று, "வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் பார்த்து எடுப்பார். நூற்றில் ஒருவர் திரும்பி வராமல் போகலாம் என்பதற்காக மற்றவர்களை எப்படி நிறுத்துவது? வாசலுக்குப் போகிற ஒவ்வொருவரின் முதுகையும் பார்த்தபடியே, எதிரில் இருப்பவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பதினொன்று வரை இதைச் செய்து பாருங்கள். அப்போது எங்களுக்கு உட்கார நாற்காலியும் கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் வீங்கிப் போனவளின் கண் எவ்வளவு கவனிக்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

2013இல் தீபாவளி நவம்பர் 2, சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு ராத்திரி ஷட்டர் இறக்கியபோது மணி பதினொன்றே முக்கால். சீசனில் கடைசிப் பத்து நாள் ஊருக்குப் போக முடியாது. அணைக்கட்டு பக்கம் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். கடை மாடியிலேயே பாய் விரித்துப் படுப்போம். படுப்பதற்கு முன்னால் ஸ்டாக் எடுக்க வேண்டும். காலை இருப்பு, நடுவில் குடோனிலிருந்து வந்தது, இரண்டையும் கூட்டி, பில் ஆனதைக் கழித்தால் கையில் இருப்பது தெரிய வேண்டும். என் கவுண்டரில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். பக்கத்துக் கவுண்டரில் கலந்திருக்குமோ என்று அங்கேயும் பிரித்துப் பார்த்தோம். வாடாமல்லி நிறத்தில் மயில்கழுத்துப் பச்சை பார்டர் போட்ட சாஃப்ட் சில்க், விலை 2,850. அதைக் காலையில் என் கையால்தான் மடித்து வைத்திருந்தேன்.

ஃப்ளோர் மேனேஜர் சத்தம் போடவில்லை. "நீதானம்மா நின்ன" என்று மட்டும் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போது என் சம்பளம் 5,500. போனஸ் 3,000 என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கவர் கொடுத்தபோது உள்ளே 150 ரூபாய் இருந்தது. ஒரு நூறு, ஒரு ஐம்பது. அந்த போனஸை நம்பித் தங்கச்சிக்குப் பாவாடை தாவணி எடுத்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த வருஷம் அவள் பழசைத்தான் கட்டினாள். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை, அம்மாதான் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். புடவை குறைந்ததற்கு மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். எத்தனை மணிக்குக் காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எண்ணுவது ராத்திரி ஒரு தடவைதான். பதினாலு மணி நேரப் பதிவை உட்கார்ந்து யார் பார்ப்பது? ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் என் கவுண்டரே பாதிதான் தெரிந்தது. பண்டிகைக்காக மேலே கட்டித் தொங்கவிட்ட தள்ளுபடி பேனர் கேமராவுக்கு நேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பேனரைக் கட்டியது நான் இல்லை. ஆனால் பணம் என்னுடையது போனது. துணியில் குத்திய டேக்கைக் கழற்றாமல் தாண்டினால் வாசலில் பீப் அடிக்கும் கருவி வைத்த கடைகளும் இருக்கின்றன. பட்டிலும் மெல்லிய புடவையிலும் ஊசி டேக் குத்தினால் ஓட்டை விழும் என்று குத்தமாட்டார்கள். குத்திய துணியிலும் பில்லிங்கில் அவசரத்தில் கழற்ற மறந்துவிடுவார்கள். பணம் கட்டியவர் போனாலும் பீப் அடிக்கும். நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் வாட்ச்மேன் எத்தனை பேரை நிறுத்துவார்? கேமராவும் டேக்கும் வீண் என்று சொல்லவில்லை. ஆள் குறைத்துவிட்டு அவற்றை நம்பினால் வீண்தான்.

சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் எங்களை என்ன ஆக்கியது என்பதை எழுதாமல் இந்தப் பதில் முடியாது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வயதான வங்காளத்து அம்மா வந்தார். எங்கள் ஊரில் இது சாதாரணம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குவார்கள். வாசலில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்கச் சொன்னபோது அவர் கொடுக்கவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெரிய பை. என் கவுண்டரில் கொஞ்ச நேரம் புடவைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் எடுக்காமல் எழுந்தார். குவியலில் ஒன்று குறைகிற மாதிரி எனக்குத் தோன்றியது. போன வருஷத்து 150 ரூபாய்க் கவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான்தான் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டேன்.

எல்லார் முன்னாலும் பையைப் பிரிக்கச் சொன்னார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன கேட்கிறோம் என்று புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து என் கவுண்டரிலேயே வைத்தார். பெரிய எக்ஸ்ரே கவர். ஸ்கேன் படங்கள். ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு. மாத்திரை அட்டைகள். எவர்சில்வர் டப்பாவில் பொரி. ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, பழையது, இஸ்திரி போட்டு மடித்தது. அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டெல்லாம் தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா? அதனால்தான் பையை விடவில்லை. திரும்ப எல்லாவற்றையும் வைக்க நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தானே அடுக்கிக்கொண்டு போனார். குறைகிறது என்று நான் நினைத்த புடவை பக்கத்துக் கவுண்டரில் கிடந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரிய பையோடு யாராவது கடைக்குள் வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த எக்ஸ்ரே கவர்தான் ஞாபகம் வரும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதை அப்போது தெரிந்துகொள்ளாமல் போனோமே என்று வருத்தம் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்தது. அதன்படி, ஊழியரின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகப் போயிருந்தால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு. மூன்று குடும்பம் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க, ஒருத்தியை நிறுத்தி வைத்துவிட்டு, பேனர் தொங்கவிட்டுக் கேமராவை மறைத்துவிட்டு, அவள் கவனக்குறைவு என்று நோட்டில் எழுதுவது அதில் வராது. இப்போது கவுண்டரில் நிற்கிற தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால், பிடித்தம் என்று சொன்னவுடன் எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

பிடிபடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக் கவுன் இரண்டை முந்தானையில் மறைத்த ஒரு பெண்ணை, கவுனைக் கையில் பிடிக்க வைத்துப் போட்டோ எடுத்து பில்லிங் பக்கம் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவள் செய்தது தப்புதான். ஆனால் அடிக்கவோ, அறையில் பூட்டி வைக்கவோ, இப்படிப் படம் ஒட்டவோ கடைக்காரருக்கு எந்தச் சட்டமும் உரிமை கொடுக்கவில்லை. போலீசைக் கூப்பிட வேண்டும். போலீஸ் ஒரு பெண்ணைச் சோதனை போடுவதென்றாலும் இன்னொரு பெண்ணை வைத்துத்தான் போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303(2) பிரிவில், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். கூட்டமாகத் தொழிலாகச் செய்கிறவர்களும் அந்தக் கவுன் பெண்ணும் ஒன்றில்லை.

இப்போது காட்பாடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு இரண்டு பெண்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், ஆடி என்று எந்தச் சீசன் வந்தாலும் நாங்கள் செய்வது சின்ன விஷயங்கள்தான். ஒருத்தர் முன்னால் ஐந்து புடவைக்கு மேல் திறந்து கிடக்காது. ஆறாவது வேண்டுமென்றால் ஒன்று மடிக்கப்படும். கூட்டம் அதிகமானால் மடிக்க மட்டுமே ஓர் ஆள் நிற்பார், அது பெரும்பாலும் நான். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எண்ணுவோம். குறைந்தால் நாலு மணி நேரப் பதிவைப் பார்த்தால் போதும். கேமராவுக்கு முன்னால் எதுவும் கட்டுவதில்லை. இரண்டு பேருக்கும் உட்கார ஸ்டூல் உண்டு. குறைகிற பொருள் என் கணக்கு. வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பையைப் புடவைக் குவியல் மேல் வைக்காதீர்கள், அந்தப் பெண் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தால் அரை நிமிஷம் பொறுத்துக் கேளுங்கள்.

போன தீபாவளிக்கு ஒரு சுடிதார் செட் குறைந்தது. 1,150 ரூபாய். நான் பில் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண் வந்து, "அக்கா, ஆறு மணிக்கு எண்ணும்போது இருந்துச்சு, இப்ப ஒண்ணு இல்ல" என்றாள். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டோம். அப்புறம் அவளை ஏழரை மணி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் ஷட்டரை இறக்கினேன்.