வாசகர் கேள்வி – பதில்: முதல் பருவ விசையியலைத் திட்டமிடுதல்

கேள்வி: பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக விசையியல் நடத்தும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. பருவத்துக்கு 15 வாரங்கள். வாரந்தோறும் மூன்று மணி நேர விரிவுரையும் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பும் உண்டு. அலகுகள், வெக்டர்கள் தொடங்கி அலைவுகள் வரை பத்து அத்தியாயங்களை முடிக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஒன்றரை வாரம் என்று சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: சமமாகப் பிரிக்க வேண்டாம். பொருளடக்கத்தில் எல்லா அத்தியாயங்களும் ஒரே அளவாகத் தெரிந்தாலும், மாணவர்கள் தடுமாறும் இடங்கள் சிலவற்றில்தான் குவிந்திருக்கின்றன. பல வகுப்புகளில் நடப்பது இதுதான்: வெக்டர்களுக்கும் எறிபொருள் இயக்கத்துக்கும் நான்கு வாரங்கள் செலவாகிவிடுகின்றன, சுழற்சி இயக்கம் பருவத்தின் கடைசி ஒன்றரை வாரத்தில், தேர்வுப் பதற்றத்துக்கு நடுவே, அவசர அவசரமாக முடிக்கப்படுகிறது. சுழல் தண்டு, பற்சக்கரம், சமனுருள் என்று மேல் வகுப்புகளில் அந்த மாணவர்கள் சந்திக்கப்போகும் அனைத்தும் எந்த அத்தியாயத்தின் மேல் நிற்கின்றனவோ, அந்த அத்தியாயமே பலியாகிறது.

நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது. வெக்டர்களுக்குத் தனி வாரம் ஒதுக்காமல், இயக்கத்தை விவரிக்கும் பாடத்தோடு சேர்த்து இரண்டு வாரங்களில் முடியுங்கள்; பள்ளியில் ஏற்கெனவே படித்ததுதான். அடுத்த நான்கு வாரங்களை, வட்ட இயக்கத்தையும் உராய்வையும் உள்ளடக்கி, நியூட்டனின் விதிகளுக்கே கொடுங்கள். ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் சேர்த்து நான்கு வாரங்கள் போதும். சுழற்சிக்கும் சமநிலைக்கும் மூன்றரை வாரங்களைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். அலைவுகளுக்கு ஒரு வாரம், மீதமிருப்பது திருப்புதலுக்கு. ஈர்ப்பியல் தனி அத்தியாயமாக இருந்தால், அதை நிலை ஆற்றலுக்கான எடுத்துக்காட்டாக நடத்திவிடலாம்.

நியூட்டனின் விதிகளுக்கு நான்கு வாரங்களா என்று நீங்கள் தயங்கலாம். செங்குத்தாக மேலே வீசப்பட்ட ஒரு நாணயம், கையை விட்டு நீங்கிய பின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது அதன் மீது செயல்படும் விசைகளை வரையும்படி முதல் வாரத்திலேயே கேட்டுப் பாருங்கள். காற்றின் தடையைப் புறக்கணித்தால் கீழ்நோக்கிய எடை ஒன்றே விசை. ஆனால் கணிசமான மாணவர்கள் மேல்நோக்கியும் ஓர் அம்புக்குறி இடுவார்கள். அதற்குக் ‘கை கொடுத்த விசை’ என்று பெயரும் எழுதுவார்கள். இயக்கம் இருந்தால் அதே திசையில் விசையும் இருந்தாக வேண்டும் என்ற அந்த நம்பிக்கை, இரண்டாம் விதியைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்களிடமும் அப்படியே இருக்கிறது. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் அது கரைவதில்லை.

ஆகவே, இந்த நான்கு வாரங்களின் மையம் தனித்த பொருள் விசைப்படம்தான்; அதாவது, ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்து, அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படம். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ‘எந்தப் பொருள், எந்தப் பொருளின் மீது’ செலுத்தும் விசை என்று மாணவர் எழுதியாக வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்த அம்புக்குறி நீக்கப்பட வேண்டும். கை கொடுத்த விசையும், மைய நோக்கு விசை என்ற பெயரில் கூடுதலாக வரையப்படும் அம்பும் இந்த ஒரு நிபந்தனையிலேயே உதிர்ந்துவிடும்.

இன்னொரு எடுத்துக்காட்டைக் கட்டாயம் நடத்துங்கள். சாய்தளத்தில் ஓய்வில் இருக்கும் கட்டையின் மீது தளம் தன் பரப்புக்குச் செங்குத்தான திசையில் செலுத்தும் விசை (செங்குத்து விசை), எடையைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைக்கும். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு, வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட, உராய்வற்ற வளைவுச் சாலையில் கிடைமட்ட வட்டத்தில் செல்லும் காருக்கும் அதையே எழுதுகிறார்கள். அங்கே எடையைக் கொசைனால் வகுக்க வேண்டும். செங்குத்து விசை எடையைவிட அதிகம். முதல் கணக்கில் தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் இல்லை. இரண்டாவதில் முடுக்கம் வட்டத்தின் மையத்தை நோக்கிக் கிடைமட்டமாக இருப்பதால், மேல்-கீழ் திசையில்தான் முடுக்கம் சுழி. இரு படங்களையும் கரும்பலகையில் அருகருகே வரைந்து, முடுக்கம் எந்தத் திசையில் இல்லை என்று மாணவர்களையே சொல்ல வைத்தால், அச்சுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் அதே மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பயிற்சி வகுப்பில் நீங்கள் கணக்குப் போட்டுக் காட்டாதீர்கள். மாணவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து விவாதித்துப் போடட்டும். இது வெறும் விருப்பம் அன்று. டேவிட் ஹெஸ்டனீஸும் சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட, விசை பற்றிய அடிப்படைக் கருத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் விசைக் கருத்துத் தேர்வை அடிப்படையாகக் கொண்டு, 62 அறிமுக இயற்பியல் வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6,500 மாணவர்களின் முடிவுகளை ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஒப்பிட்டார். பருவத் தொடக்கத்தில் மாணவர்கள் அறியாதிருந்த பகுதியில், விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையும், மாணவர்களை விவாதத்தில் ஈடுபடுத்திய வகுப்புகள் 48 சதவீதத்தையும் ஈட்டியிருந்தன. அந்தத் தேர்வை முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும், மதிப்பெண் கணக்கில் சேர்க்காமல், நீங்களும் நடத்தலாம்.

முதல் உள்தேர்வை எட்டாம் வாரம் வரை தள்ளிப்போடாமல் நான்காம் வாரத்தில், விசைப்படங்களை மட்டும் வைத்துச் சிறியதாக நடத்துங்கள். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். கணிதத் துறையில் தொகைநுண்கணிதம் எந்த வாரத்தில் வருகிறது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். மாறும் விசை செய்யும் வேலைக்கும், அதைவிட நிலைமத் திருப்புத்திறனுக்கும் (சுழற்சி மாற்றத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவுக்கும்) அது தேவைப்படும்.

கேள்வி: நான் முதலாண்டு மாணவன். இயற்பியலில் படித்த விசைச் சமநிலையையே பொறியியல் விசையியல் தாளிலும் மறுபடி நடத்துகிறார்கள். எதற்காக இரண்டு முறை?

பதில்: விதிகள் ஒன்றே, கேட்கப்படும் கேள்வி வேறு. இயற்பியலில் பெரும்பாலும் ஒரே பொருளை எடுத்து, அது ஏன் அப்படி இயங்குகிறது என்று கேட்கிறோம். பொறியியல் விசையியலில் பல உறுப்புகள் இணைந்த சட்டகத்தை எடுத்து, ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு தாங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். எந்த உறுப்பைத் தனியே பிரித்து வரைவது என்று முடிவெடுக்கும் திறமை முதல் தாளில் கிடைத்திருந்தால், இரண்டாம் தாளில் உங்கள் சுமை பாதியாகும்.

கேள்வி: சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்தின் கணக்கை ஆற்றல் முறையில் நடத்துவதா, திருப்பு விசை முறையில் நடத்துவதா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

பதில்: இரண்டையும் ஒரே வகுப்பில் நடத்துங்கள், இந்தக் கணக்குக்கு அந்தத் தகுதி உண்டு. ஆற்றல் முறையில் சில வரிகளிலேயே, உராய்வின்றி வழுக்கும் பொருளின் முடுக்கத்தில் 5/7 பங்கு என்ற விடை வந்துவிடும். நிறையும் ஆரமும் விடையில் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும். திருப்பு விசை முறையிலும் அதே 5/7 வரும், கூடவே ஓய்வுநிலை உராய்வின் அளவும் தெரியவரும்: சாய்தளத்தின் வழியே செயல்படும் எடைக்கூறில் 2/7 பங்கு. உராய்வு இருந்தும் ஆற்றல் ஏன் வீணாகவில்லை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தளத்தைத் தொடும் புள்ளி அக்கணத்தில் ஓய்வில் இருப்பதால் அந்த உராய்வு வேலை செய்வதில்லை என்ற விடையை உடனே சொல்லிவிடாமல், சிறிது நேரம் அவர்களே யோசிக்க விடுங்கள். பிறகு ஒரு வளையத்தையும் திண்ம உருளையையும் கோளத்தையும் ஒன்றாக உருட்டிவிடலாம். எது முதலில் வரும் என்பதை ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதி முடித்த பின்னரே கையை எடுங்கள்.