மகள் ஜிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் மேல்பள்ளி) வேண்டாம், வங்கியில் லேரெ (தொழிற்பயிற்சி) செய்யப் போகிறேன் என்கிறாள். சூரிச்சில் இருக்கிறோம். விடலாமா?

விடலாம். ஆனால் இடம் கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி, அதற்கு இப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். நானும் சூரிச் மாநிலத்தில் ஒரு வங்கிக்கு லேரெ வழியாகப் போனவள்தான். இப்போது எங்கள் பிரிவுக்கு வரும் பயிற்சிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. மகள் செக்குண்டார் இரண்டாம் வருடம், அதாவது எட்டாம் வகுப்பு, படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்தே சொல்கிறேன்.

சுவிஸுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு இரண்டு வரி: இங்கே கட்டாயப் பள்ளி பதினைந்து, பதினாறு வயதில் முடிந்துவிடும். அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம், வாரத்தில் சில நாள் வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, மாதம் முடிந்தால் கையில் சம்பளம். அதுதான் லேரெ. காஃபௌ எனப்படும் வணிக அலுவலகப் பயிற்சியில் வங்கி ஒரு கிளை. மூன்று வருடம் முடிந்தால் கூட்டாட்சி அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். இந்தியாவில் ஸ்டேட் வங்கியில் அப்ரண்டிஸாகச் சேரவே டிகிரி கேட்கிறார்கள், அதனால் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளை வங்கியில் உட்கார்ந்திருப்பது அங்கே விசித்திரமாகத்தான் தெரியும்.

எங்கள் சனத்துக்கு இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. இலங்கையில், ஊரில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளை வங்கியில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிவார்கள். அதே வேலைக்கு இங்கே லேரெ வழியாகப் போனால், "ஏன், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா?" என்று கலியாண வீட்டில் கேட்பார்கள். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி செர்ஜியோ எர்மோட்டியும் லுகானோவில் கோர்னேர் வங்கியில் லேரெ செய்துதான் தொடங்கினார். 2011 முதல் 2020 வரை யூபிஎஸ்ஸை நடத்தினார். 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸை வாங்க வேண்டி வந்தபோது திரும்பவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாப் பிள்ளையும் எர்மோட்டி ஆகாது, சரி. ஆனால் லேரெ செய்தவள் கவுண்டரோடு நின்றுவிடுவாள் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இனி விண்ணப்பம். லேரெ ஓகஸ்டில் தொடங்கும். பெரிய வங்கிகள் அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே, கோடை விடுமுறையை ஒட்டி, இடங்களை அறிவித்து ஆட்களை எடுக்கத் தொடங்கிவிடும். அதாவது உங்கள் மகள் மூன்றாம் செக்குக்குப் போன கையோடு அவளுடைய கோப்பு தயாராக இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் போகப்போவது இப்போதைய ரிப்போர்ட். சூரிச் ரிப்போர்ட்டில் பாட மதிப்பெண்களோடு, நேரத்துக்கு வருகிறாளா, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறாளா என்றெல்லாம் குறி போட்டிருப்பார்கள். பெற்றோர் கணக்கையும் ஜெர்மனையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நாங்கள் அந்தக் குறிகளையும் கவனமாகப் பார்ப்போம். கணக்கில் ஆறுக்கு ஐந்தரை எடுத்த பிள்ளைக்கு நேரம் தவறாமையில் குறி கீழே இருந்தால் நேர்முகத்தில் அதைக் கேட்காமல் விடமாட்டோம்.

மல்டிசெக் என்கிற தகுதித் தேர்வையும் பல இடங்களில் கேட்பார்கள். அது தனியார் தேர்வு, செலவு உங்களுடையது. ஷ்னுப்பர்ன் எனப்படும், வேலையிடத்தை நேரில் பார்க்கும் நாட்களுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளே இருந்து பார்த்தால், இது தனக்குச் சரிவருமா என்று அவளுக்கே விளங்கும்.

விண்ணப்பக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி, "எனக்கு எண்களில் ஆர்வம், மனிதர்களோடு பழகப் பிடிக்கும்" என்று ஒரே அச்சில் இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இலக்கணப் பிழைகூட இல்லை, ஆளையும் காணவில்லை. நம் பிள்ளைகளிடம் எழுதுவதற்கு உண்மையான விஷயம் இருக்கிறது, அதை அவர்கள் எழுதுவதே இல்லை. அப்பா அம்மாவுக்கு வந்த காப்புறுதிக் கடிதத்தைப் பத்து வயதில் வாசித்து விளக்கியது, கெமைண்ட (உள்ளூராட்சி) அலுவலகத்துக்குக் கூடப் போய் மொழிபெயர்த்தது, வரிப் படிவம் நிரப்பியது, தொலைபேசியில் காத்திருந்து வீட்டு வாடகைச் சிக்கலைப் பேசித் தீர்த்தது. வங்கியில் வாடிக்கையாளர் ஆலோசனை என்று நாங்கள் கற்றுக்கொடுப்பதில் பாதி இதுதான். வெட்கப்படாமல் எழுதச் சொல்லுங்கள். அதைப் பற்றி நேர்முகத்தில் பேசும்போது பிள்ளையின் குரலே மாறும்.

சேர்ந்த பிறகு? முதல் இரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளி, மூன்று நாள் வங்கி. மூன்றாம் வருடம் பள்ளி ஒரு நாளாகக் குறையும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறும்: வரவேற்பு, பணப் பரிமாற்றம், தனியார் வாடிக்கையாளர், வீட்டுக் கடன் என்று. இடையிடையே வங்கிகள் கூட்டாக நடத்தும் சிஒய்பி மையத்தின் வகுப்புகளும் உண்டு. 2023 ஓகஸ்டில் காஃபௌ முழுவதையும் மாற்றியமைத்தார்கள். இ-புரோஃபைல், பி-புரோஃபைல் என்ற பழைய பிரிவுகள் எல்லாம் போய்விட்டன, பழைய பாடப் பிரிப்பும் இல்லை. ஆகவே பெரியம்மா மகன் 2015இல் செய்த லேரெயை வைத்து அவன் சொல்லும் அறிவுரையைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். பள்ளியில் வருடத்துக்குப் பதின்மூன்று வாரம் இருந்தது, லேரெயில் இருபது வயது வரை சட்டப்படி குறைந்தது ஐந்து வாரம். கோடை முழுக்க ஊரில் நிற்பது இனி நடக்காது.

இன்னொன்று, எங்கள் வீடுகளுக்கே உரியது. வங்கி ரகசியம் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி வாடிக்கையாளர் விவரத்தை வேண்டுமென்று வெளியே சொன்னால் மூன்று வருடம் வரை சிறை. தமிழ்ச் சனம் நெருங்கி வாழ்கிற இடத்தில் உங்களுக்குத் தெரிந்த மாமாவோ கடைக்காரரோ ஒருநாள் அவள் முன்னால் வந்து நிற்பார். வந்தார் என்பதைக்கூட அவள் வீட்டில் சொல்லக் கூடாது. நீங்களும் கேட்கக் கூடாது. "அவர் வீடு வாங்கப் போகிறாராமே, உனக்குத் தெரிந்திருக்குமே" என்று இரவுச் சாப்பாட்டில் விளையாட்டாகக் கேட்பதும் பிள்ளையைச் சங்கடத்தில் மாட்டிவிடும். வேறு யாருக்கும் இது இவ்வளவு தொல்லையா தெரியாது, எனக்கு முதல் வருடத்தில் வேலையைவிட இதுதான் கடினமாக இருந்தது.

சம்பளம் முதல் வருடம் ஆயிரம் பிராங்குக்குக் கீழே, மூன்றாம் வருடம் ஆயிரத்து ஐந்நூறு அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவளுடைய கணக்கில் கிடக்கட்டும்.

மேற்படிப்புக் கதவு மூடிவிடும் என்று பயப்படுகிறீர்கள். மூடாது. லேரெயோடு சேர்த்தோ முடித்த பிறகு ஒரு வருடத்திலோ தொழில் மத்தூரா என்கிற மேற்படிப்புத் தகுதிச் சான்றிதழ் எடுத்தால் நுழைவுத் தேர்வில்லாமல் ஃபாஹோக்ஷூலெ எனப்படும் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம், அங்கே பச்சலர் படிக்கலாம். அதற்கு மேல் பஸ்ஸெரல் என்கிற கூடுதல் தேர்வு எழுதினால் பல்கலைக்கழகமும் திறக்கும். ஆனால் லேரெயோடு சேர்த்து மத்தூரா செய்வது கடினம், வேலை முடிந்து வந்து இரவில் படிக்க வேண்டும். ஜிம்னாசியம் பரீட்சைக்குப் பயந்து வங்கிக்கு ஓடுகிறாள் என்றால் அதை முதலில் உட்கார்ந்து பேசுங்கள். படிப்பே பிடித்த பிள்ளை என்றால் ஜிம்னாசியம் முடித்தே வரட்டும். ஜிம்னாசியம் மத்தூரா முடித்தவர்களுக்கென்று வங்கிகளில் பேஎம் என்ற தனி நுழைவுப் பயிற்சி இருக்கிறது.

அவள் செக்குண்டாரில் ஆவா (A, உயர் நிலை) பேயா (B, அதற்கு அடுத்த நிலை) என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வங்கிகள் ஆவைத்தான் எதிர்பார்க்கும். பே என்றால் வங்கியோடு சேர்த்து கெமைண்ட நிர்வாகம், காப்புறுதி, கணக்காய்வு அலுவலகம் போன்ற மற்றக் காஃபௌ இடங்களுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், சான்றிதழ் எடுத்த பிறகு வங்கிக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் இந்த மாதமே உங்கள் பகுதி பிட்ஸில் (தொழில் வழிகாட்டல் மையம்) ஆலோசனைக்கு நேரம் எடுங்கள், நீங்களும் கூடப் போகலாம். ஜெர்மன் சரளமில்லை என்று ஒதுங்க வேண்டாம், பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.