வாசகர் கேள்வி – பதில்: துறவு மடமும் கன்னியர் மடமும்

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நடத்தும் அருட்சகோதரிகள் தங்கியிருக்கும் இல்லத்தைக் 'கன்னியர் மடம்' என்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் ஐரோப்பியத் துறவு மடங்களைப் படிக்கும் என் மகள், இரண்டும் ஒன்றா என்று கேட்கிறாள். விளக்க வேண்டுகிறேன்.
– ஒரு வாசகர், எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்று; ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வேர் எகிப்தின் பாலைநிலத்தில் இருக்கிறது. நாம் 'வனத்து அந்தோணியார்' என்று வணங்கும் புனிதர் (பதுவை அந்தோணியார் வேறு, அவர் ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிந்தியவர்), மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தனிமையை நாடிச் சென்றார். இவ்வாறு தனித்தனியே தவம் புரிந்தவர்களை ஒரே மதிலுக்குள், ஒரே ஒழுங்கின்கீழ் வாழச் செய்தவர் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பக்கோமியார். மேற்குலகில் அந்த வாழ்வுக்கு நிலையான வடிவம் தந்தவர் இத்தாலியின் பெனடிக்ட். தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஆசீர்வாதப்பர் என்பர். 529ஆம் ஆண்டளவில் மோந்தே கசீனோ மலைமேல் மடம் அமைத்த அவர், 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல் ஒன்றையும் எழுதினார்.

அந்த ஒழுங்கின் உயிர்நாடி 'நிலைத்திருத்தல்' என்னும் வாக்குறுதி என்பது என் எண்ணம். சேர்ந்த மடத்திலேயே, அதே சகோதரர்களோடு, இறக்கும்வரை வாழ்வதாகத் துறவி வாக்களிக்கிறார். உங்கள் ஊர்ச் சகோதரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பெனடிக்டின் துறவிக்கு அப்படியொரு மாற்றல் கிடையாது. உங்கள் மகளுக்குச் சொல்ல இந்த ஒரு வேறுபாடே போதும்.

இந்த வேறுபாடு எளிதில் உண்டானதன்று. பெண் துறவியர் அனைவரும் மடத்தின் மதிலுக்குள்ளேயே அடைபட்டு வாழவேண்டும் என்று 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் கட்டளையிட்டார். 1566இல் ஐந்தாம் பத்திநாதர் அதை மீண்டும் வலியுறுத்தினார். நோயாளியின் வீட்டுக்கோ தெருக்குழந்தைகளிடமோ போக விரும்பிய பெண்களுக்கு அந்தச் சட்டம் பெரும் தடையாயிற்று. 1633இல் பாரிசில் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் அன்பின் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, அதன் உறுப்பினர்கள் சட்டப்படி 'துறவியர்' என்று கருதப்படாதவாறு கவனமாக ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் மருத்துவமனைக்கும் ஏழைகளின் குடிசைக்கும் தடையின்றிச் செல்ல அதுவே வழி திறந்தது. அந்த வழியில் பின்னர் எத்தனையோ சபைகள் தோன்றிப் பள்ளிகளும் மருந்தகங்களும் நடத்தின. இத்தகைய சபைகளின் சகோதரிகளையும் முழு உரிமையுள்ள துறவியராகத் திருச்சபை ஏற்றது 1900இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில்தான். உங்கள் ஊர்ப் பள்ளிச் சகோதரிகள் இந்த மரபினர். அடைபட்ட மடத்து வாழ்வும் மறைந்துவிடவில்லை. கார்மேல் சபைப் பெண்துறவியரின் மடங்களில் அது இன்றும் தொடர்கிறது.

கேள்வி: துறவிகள் நாள் முழுவதும் ஜெபம் செய்தார்களா, உழைக்கவும் செய்தார்களா?
– ஒரு விவசாயி, பென்னாகரம்

பதில்: இரண்டும் செய்தார்கள். பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி, விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கவேண்டும் என்பது பெனடிக்டின் விதி. எஞ்சிய நேரத்தை அவர் உழைப்புக்கும் படிப்புக்கும் பகிர்ந்தார். கோடையில் வெயில் ஏறுமுன் வேலை தொடங்கி நண்பகலில் ஓய்வு கொள்ளும்படி நேரத்தை வகுத்தார். வேலைக்கு ஆள் வைக்க வசதியின்றித் தாங்களே அறுவடைக்கு இறங்க நேர்ந்தால் துறவிகள் அதற்காக வருந்தக் கூடாது என்றும், தம் கையால் உழைத்துப் பிழைக்கும்போதே அவர்கள் உண்மைத் துறவிகள் என்றும் அவர் எழுதினார். மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள எல்லாப் பொருள்களையும் பீடத்தின் திருப்பாத்திரங்களுக்கு நிகராகப் பேணவேண்டும் என்கிறார். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கும் உங்களுக்கு இந்த விதியின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் தரப்படும். அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கவேண்டும். அந்த நூல்களுக்காகவே படியெடுக்கும் பணியும் மடங்களில் வளர்ந்தது.

கேள்வி: இத்தகைய மடத்தை நேரில் காண எங்கே செல்லலாம்?
– ஒரு கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: உங்களுக்கு அருகிலிருப்பது பெங்களூருவைக் கடந்து, மைசூர் சாலையில் கெங்கேரிப் பக்கம் உள்ள ஆசீர்வனம் என்னும் பெனடிக்டின் மடம். தொலைவைப் பொருட்படுத்தாவிட்டால், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்துக்கும் செல்லுங்கள். ஒகேனக்கல்லில் விழுந்து இறங்கும் அதே காவிரியின் கரையில், காவி உடுத்தி, நம் நாட்டுத் துறவு மரபையும் பெனடிக்டின் ஒழுங்கையும் இணைக்க முயன்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் நிறுவிய ஆசிரமம் அது. வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே கருதி வரவேற்க வேண்டும் என்பது பெனடிக்டின் ஒழுங்கு. ஆயினும் தங்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.